கிட்டங்கிக்குள் கலை: கொச்சி பினாலேவை முதன்முறை காணச் செல்வோருக்கு

மட்டாஞ்சேரி பஜார் சாலை வழியாக நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலரை நான் அறிவேன். அந்தச் சாலையின் இருபுறமும் நிற்கும் உயரமான மரக்கதவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவர்களில் பெரும்பாலோர் எட்டிப் பார்த்ததில்லை. சுக்கும் மிளகும் அரிசியும் அடுக்கிய கிட்டங்கிகள் என்று தெரியும், அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் (சில முறை தள்ளிப்போனதும் உண்டு), டிசம்பர் மாதத்தில், அக்கதவுகளில் சில பொதுமக்களுக்காகத் திறக்கப்படுகின்றன. மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் திறந்திருந்து, பிறகு உள்ளே இருந்தவையெல்லாம் கழற்றப்பட்டு, கட்டடம் மறுபடியும் பூட்டப்படுகிறது. அதுதான் கொச்சி–முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சி.

கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும், கோயம்புத்தூர், பொள்ளாச்சி நண்பர்களையும், இங்கேயே பல்லாண்டு வாழ்ந்தும் உள்ளே நுழையாத அண்டை வீட்டுக்காரர்களையும் இக்கண்காட்சிக்கு அழைத்துப் போன பழக்கத்தில், முதன்முறை செல்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பது ஓரளவு எனக்குப் பிடிபட்டிருக்கிறது. அதை வைத்தே இதை எழுதுகிறேன். தயங்குவோருக்கு ஒன்று நினைவூட்டலாம்: எங்கள் சித்தூர் வட்டம் ஒருகாலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கொழிஞ்சாம்பாறைத் தமிழனுக்குக் கொச்சி அயலூர் அல்ல, பழைய தலைநகரம்தான். முசிறிஸ் என்று சொல்லப்படும் முசிறியும் நமக்குப் புதிய பெயர் இல்லை. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களைச் சங்கப் புலவர்கள் பாடிய துறைமுகம் அது.

முதலில், இது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

சட்டமிட்ட ஓவியங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்த கூடம் ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். முதல் பதிப்பு 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. கலைஞர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் அதை முன்னின்று நடத்தினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் வெவ்வேறு கலைஞர் பொறுப்பேற்று, எவற்றைக் காட்டுவது என்பதைத் தீர்மானித்து வருகிறார்: 2014இல் ஜிதீஷ் கல்லாட், 2016இல் சுதர்சன் ஷெட்டி, 2018இல் அனிதா துபே, பெருந்தொற்றால் தள்ளிப்போன 2022 பதிப்பில் ஷுபிகி ராவ், 2025இல் நிகில் சோப்ரா. பொறுப்பாளரின் மனப்போக்குக்கு ஏற்பப் பினாலேவின் முகமும் மாறும் என்பதால், போன முறை பிடிக்கவில்லை என்பதை வைத்து இந்த முறையும் பிடிக்காது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

காட்சிக்கு வைப்பவற்றில் பெரும்பகுதி ‘நிறுவல்’ என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது ஒரு பொருளையோ பல பொருள்களையோ ஓர் இடத்தில் அமைத்து, அந்த இடத்தையும் சேர்த்தே கலையாக்குவது. விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு உதவும். முதல் பதிப்பின்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையை, கடற்காற்று வாங்கலாம் என்று சொல்லித்தான் படகில் ஃபோர்ட் கொச்சிக்கு அழைத்துப் போனேன். ஆஸ்பின்வால் ஹவுஸ் என்னும் பழைய வணிகக் கட்டடத்துக்குள் நுழைந்ததும், எங்கு பார்த்தாலும் ஆட்டுக்கல். ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் சேர்ந்து அமைத்தது அது. பெங்களூரில் மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் வேண்டாதவையாகி, தூக்கி எறியவும் மனம் வராமல் தெருவோரம் விடப்பட்ட கற்கள் அவை.

“இதப் பாக்கவா கண்ணு என்னைய படகேத்திக் கூட்டியாந்த? நம்ம பொடக்காளீல கெடக்கறது இதுதான?” என்று அத்தை சிரித்தார். நான் வாய் திறக்கவில்லை. சிறிது தூரம் நடந்தவர், ஒரு கல்லின் குழி தேய்ந்திருந்த விதத்தைக் குனிந்து பார்த்து, “இது ரொம்ப வருசம் ஆட்டுன கல்லு” என்றார். பிறகு கால் மணி நேரம் எதுவும் பேசவில்லை. அங்கே வந்திருந்த பலரைக் காட்டிலும் அத்தைக்கு அக்கற்களைப் படிக்கத் தெரிந்திருந்தது. கலை எனக்குப் புரியாது என்று ஒதுங்குபவரிடமெல்லாம் இந்நிகழ்ச்சியைத்தான் நான் சொல்வது வழக்கம்.

எப்போது செல்வது

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி மார்ச் இறுதிவாக்கில் முடிவதே பொதுவான வழக்கம். ஆறாம் பதிப்பின் காலம் 2025 டிசம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை என்று அறிவிக்கப்பட்டது. தொடக்க நாளன்றே போய்விட வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். 2022இல் முதன்மைக் கண்காட்சி டிசம்பர் 12க்குப் பதிலாக 23ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. காலக்கெடுவோடு ஒரு பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக்கும் வேலை எங்குமே கடைசி நிமிடம் வரை இழுக்கும். முதல் சில நாள்களில் பெயர்ப்பலகை இல்லாத அறைகளும், வயர் இழுத்துக்கொண்டிருக்கும் மின்பணியாளர்களும் கண்ணில் படுவது இயல்பு.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரத்தையும் தவிர்ப்பது நல்லது. ஆண்டின் கடைசி இரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்னும் பெரிய கிழவன் பொம்மையைக் கொளுத்திப் புத்தாண்டை வரவேற்கிறார்கள். அதைக் காணத் திரளும் கூட்டத்தில் சாலைகள் அடைபடும், ஆட்டோ கிடைக்காது, திரும்புவதே பெரும்பாடாகும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலைப் பருவம் என்பதால், எறணாகுளம் வழியாகச் செல்லும் ரயில்களில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மிகுதியாக இருக்கும், முன்பதிவு இல்லாமல் கிளம்பினால் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வர நேரலாம்.

பாலக்காடு மாவட்டத்துக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை உண்டு, எறணாகுளம் மாவட்டத்துக்கு இல்லை. வீட்டில் பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்புவது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனாலும் கொச்சிக்காரர்கள் வேலைக்குப் போயிருக்கும் நாளில் நமக்கு விடுப்பு கிடைப்பது அரிது என்பதால் சொல்லிவைக்கிறேன். பொதுவாக ஜனவரி பிற்பகுதியின் வார நாள்களே எனக்கு உகந்தவை: எல்லா அறைகளும் திறந்திருக்கும், வெயிலும் பிப்ரவரி, மார்ச் அளவுக்கு ஏறியிருக்காது.

இடங்களைத் தேர்ந்தெடுத்தல்

கண்காட்சி ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை. ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ், டச்சுக்காரர்கள் காலத்து டேவிட் ஹால். மட்டாஞ்சேரியில் ஆனந்த் வேர்ஹவுஸ் போன்ற கிட்டங்கிகள். நகரத்துக்குள் எறணாகுளம் தர்பார் ஹால் என்று வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு இடங்கள் பயன்பட்டிருக்கின்றன. எந்த ஆண்டில் எவை என்பது மாறிக்கொண்டே இருப்பதால், போன முறைக்குரிய வரைபடத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் அந்தப் பதிப்புக்கான வரைபடத்தைக் கேட்டுப் பெற்று, கையில் பேனாவோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, பாதிக்கு மேற்பட்ட இடங்களை அடித்துவிடுவது. ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் போதும் என்பது என் கணக்கு: பெரியது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, மாணவர்களின் படைப்புகளுக்கென்று தனியே நடக்கும் ஸ்டூடன்ட்ஸ் பினாலேயின் இடங்களில் ஒன்று. மாணவர் பகுதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நாடெங்குமுள்ள கலைக்கல்லூரிப் பிள்ளைகள் செய்தவை அங்கே இருக்கும். புகழ்பெற்ற பெயர்களிடம் காணாத துணிச்சலை நான் அங்கே பலமுறை கண்டிருக்கிறேன், அபத்தங்களையும்தான். ஒரு பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவதென்று காலை முதல் இருட்டும் வரை ஓடினேன். மறுநாள் அலுவலகத்தில், என்ன பார்த்தாய் என்று கேட்ட நண்பரிடம் கால்வலியைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

உள்ளூரில் வசிப்பவருக்கு இதில் ஒரு பெரும் வசதி உண்டு. தொலைவிலிருந்து வருபவர் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். நாமோ இன்று இரண்டு அறை, அடுத்த வாரம் மூன்று அறை என்று தவணை முறையில் பார்க்கலாம். ஆகவே நுழைவுச்சீட்டு எத்தனை நாளுக்குச் செல்லும், ஒருமுறை நுழைந்த இடத்துக்குள் மறுபடி விடுவார்களா, கட்டணம் இல்லாத நாள் ஏதேனும் உண்டா, வாராந்தர விடுமுறை எப்போது என்பவற்றை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்று சேர்தல்

பாலக்காட்டிலிருந்து வரும் ரயில்களில் சில எறணாகுளம் சந்திப்புக்கும், சில வடக்கு ரயில் நிலையம் என்று இங்கே சொல்லப்படும் எறணாகுளம் டவுனுக்கும் போகும். சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பில் இறங்கினால் தர்பார் ஹால் நடக்கும் தொலைவுதான். அங்கே அந்த ஆண்டு காட்சி இருந்தால் அதையே முதலில் முடித்துவிடலாம்.

அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பேருந்தில் போகாமல் நீர்வழியே செல்லுங்கள். எறணாகுளம் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள் நெடுங்காலமாக ஓடுகின்றன. கட்டணம் மிகக் குறைவு. மின்கலத்தில் ஓடும் வாட்டர் மெட்ரோ 2023இல் தொடங்கி, 2024இல் ஃபோர்ட் கொச்சிக்கும் 2025இல் மட்டாஞ்சேரிக்கும் நீண்டது. உயர்நீதிமன்றத் துறையில் ஏறலாம், உள்ளே குளிர்சாதன வசதி உண்டு. பெரியவர்களோடு போனால் வாட்டர் மெட்ரோவும், தனியாகப் போனால் பழைய படகும் என்பது என் வழக்கம். பழைய படகில் காற்று நேராக முகத்தில் படும், சரக்குக் கப்பல்களை அருகிலிருந்து பார்க்கலாம். மிளகும் கயிறும் எண்ணெயும் இந்த நீரில்தான் ஏற்றி இறக்கப்பட்டன. அந்தக் கட்டடங்கள் ஏன் முதுகைச் சாலைக்கும் முகத்தைத் தண்ணீருக்கும் காட்டி நிற்கின்றன என்பது படகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

இறங்கியபின் நடையே சிறந்தது. கல்வத்தி சாலையிலிருந்து பஜார் சாலைக்கு நடந்தால் பெரும்பாலான இடங்கள் அந்தப் பாதையிலேயே வந்துவிடும். கிட்டங்கியை மலையாளத்தில் பாண்டிகசாலை என்பார்கள். நம் பண்டகசாலைதான் அது, வழி கேட்கும்போது உதவும்.

உள்ளே நுழைந்தபின்

ஒவ்வொரு அறையிலும் முதலில் பலகையைப் படிக்காதீர்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனெனில் படித்தவர்கள் அனைவரும் செய்யும் பிழை இது. வாசலில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஒரு விளக்கம் ஒட்டியிருக்கும். அதன் நடை பல நேரங்களில் எந்த மொழியிலும் விளங்காத வகையில் இருக்கும். அதைப் படித்துவிட்டு நுழைபவர், எழுதியிருந்தது உள்ளே இருக்கிறதா என்று சரிபார்க்கிறாரே தவிர, உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை. முதலில் அறையைச் சுற்றி ஒருமுறை நடங்கள். எதனால் செய்யப்பட்டிருக்கிறது, எவ்வளவு பெரியது, என்ன வாடை வருகிறது, எங்கிருந்து ஒலி கேட்கிறது என்று கவனியுங்கள். கட்டடத்தையும் பாருங்கள்: ஓட்டுக்கூரையின் இடுக்கில் இறங்கும் வெளிச்சமும், காரை பெயர்ந்த செங்கல் சுவரும், உப்புக்காற்று அரித்த இரும்பும் சில படைப்புகளில் பாதிப் பங்கு வகிக்கின்றன. அதன்பிறகு வெளியே வந்து பலகையைப் படித்து, தேவையானால் மறுபடி உள்ளே போங்கள்.

உடலால் உணர வேண்டிய படைப்புகளும் வரும். 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிதா ஆஸ்பின்வால் ஹவுஸின் நீண்ட கிட்டங்கி ஒன்றைக் கடல்நீரால் நிரப்பியிருந்தார். அதற்குள் இறங்கி, சுவர்களில் இருந்த வரிகளைப் படித்தபடி மறுகோடி வரை நடக்க வேண்டும். அகதிகளாக வந்து மத்தியதரைக் கடலில் மூழ்கிய சிரியாக் குழந்தைகளில், கரையொதுங்கிய ஆலன் குர்தியின் படத்தை உலகம் முழுதும் பார்த்தது. அந்த அளவுக்கு அறியப்படாத அவன் அண்ணன் கலீபுக்காக அமைத்தது அந்த அறை. பேன்ட் அணிந்தவர்கள் சுருட்டிக்கொண்டு திண்டாடினார்கள்; வேட்டி கட்டியவர்கள் மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். அதற்கு முந்தைய பதிப்பில் அனிஷ் கபூர் தரையிலேயே ஒரு கருநீர்ச் சுழலை ஓயாமல் சுழல விட்டிருந்தார். ஆகவே எளிதில் கழற்றக்கூடிய செருப்பும், நனைந்தாலும் பரவாயில்லை என்ற உடையும் அணிந்து செல்லுங்கள்.

தொடலாமா என்ற ஐயம் எல்லோருக்கும் எழும். தொடச் சொல்லி எழுதியிருந்தால் ஒழியத் தொடாதீர்கள். சாதாரணச் சாக்குமூட்டை போலத் தோன்றுவதும் படைப்பாக இருக்கலாம், அதன்மேல் சாய்ந்துவிடாதீர்கள். படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஓடும் படம் காட்டப்படும் இருட்டறைக்குள் நுழையுமுன், எவ்வளவு நேரம் ஓடுவது என்பதை வாசலில் பாருங்கள்: பத்து நிமிடம் என்றால் தொடக்கம் வரும்வரை காத்திருந்து முழுதும் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கால் மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வருவதில் குற்றமில்லை.

அறைகளில் நிற்கும் இளம் விளக்குநர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கலை மாணவர்களான அவர்கள், யாரும் எதுவும் கேட்காமல் கடந்து போவதையே நாள் முழுதும் பார்த்துச் சலித்திருப்பார்கள். மலையாளம் வராது என்று தயங்க வேண்டாம். தமிழிலேயே கேளுங்கள், கொச்சியில் தமிழ் புரியாதவர் குறைவு. “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் பலகையில் இருப்பதையே ஒப்பிப்பார்கள். “இதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள்?”, “எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள்?”, “முடிந்தபின் இதை என்ன செய்வார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு விதமாகப் போகும். உள்ளூர்த் தச்சரும் வெல்டரும் மீன்வலை பின்னுபவரும் அந்தப் படைப்புக்குள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பிடிக்காத அறையிலிருந்து உடனே வெளியேறலாம். பிடித்த ஒன்றின் முன் மட்டும், அலுப்புத் தட்டியபிறகும் ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

தண்ணீர்ப் புட்டியும் கைவிசிறியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு வேய்ந்த கிட்டங்கிகளில் பிற்பகல் இரண்டு மணிக்குப் புழுக்கம் தாங்காது. அந்த நேரத்தை மட்டாஞ்சேரியில் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். நேரம் மிஞ்சினால் வெளி என்னும் பகுதியிலுள்ள தோபிகானாவை எட்டிப் பாருங்கள். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே துணி வெளுத்து, கொடியில் உலர்த்தி, தேய்த்துக் கொடுத்து வருகின்றன. அது கண்காட்சி அல்ல, வேலை நடக்கும் இடம், ஆகவே கேட்டுவிட்டுப் படமெடுங்கள். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் முற்பகலோடு முடித்துக்கொள்வது நல்லது.

பினாலே இல்லாத காலத்தில்

இடைப்பட்ட மாதங்களிலும் தற்காலிகக் கண்காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. தர்பார் ஹாலில் கேரள லலிதகலா அகாடமியின் கூடங்களில் காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் கட்டணமில்லாமல். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. அறிவிப்பு சுருக்கமாகவும் காலம் குறுகியதாகவும் இருப்பதால், முடியும் தேதியை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னதாகப் போய்விடுவதே என் பழக்கம். 2021இல் ஆலப்புழையின் பழைய கயிற்றுத் தொழிற்கூடங்களில் ‘லோகமே தறவாடு’ (உலகமே குடும்ப வீடு) என்ற பெயரில் மலையாளக் கலைஞர்கள் 267 பேரின் படைப்புகள் வைக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் நடுவே மூடவும் திறக்கவும் நேர்ந்தது. அடுத்த வாரம் போகலாம் என்றிருந்த பலர் அதைத் தவறவிட்டார்கள்.

திரும்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். காலையில் துறையில் இறங்கியதுமே, எறணாகுளத்துக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள். அதைத் தவறவிட்டால் தோப்பும்படி வழியாகப் பேருந்தில்தான் போயாக வேண்டும். மாலை நேர நெரிசலில் அந்தப் பயணம் ரயிலையும் தவறவிடச் செய்யும். ரயில் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே படகில் இருங்கள்.